மாலத்தீவுக்கு இரண்டு லீவு

வியாழக்கிழமைக் காலை என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. மலேசியாவின் கெலாங் பாத்தா பஸ் நிறுத்தத்தில், சிங்கப்பூரில் இரவு வேலை முடிந்து வந்திறங்கிய கணவரும், அதே சிங்கப்பூருக்குப் பகல் வேலைக்குக் கிளம்பிய மனைவியும் சந்தித்துக்கொண்டார்கள்.

"மாலத்தீவுல நீங்க தூங்குறத நான் பாக்கணும்."

"கடல பாக்க வேணாமா?"

"நீங்க எந்திரிச்சாத்தான் நான் படுக்கிறேன். ஆஃப் நாளும் வேற வேற. குறட்டை விடுவீங்களான்னு கூடத் தெரியாது."

"விடமாட்டேன் லா. எனக்கு லீவு கெடச்சிருச்சு. உனக்கு?"

"சூப்பர்வைசர் நாளைக்குச் சொல்றேன்னாரு. கெடைக்கலன்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க."

"தனியாப் படுக்க நம்ம வீடே போதாதா?"

அவளுடைய பஸ் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஏறினாள். அவளுக்கு லீவு கிடைத்ததா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.