இடம் வலமாக மாறிய அறை

சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போவுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“நான் படம் வரையுற ரூம என் வீட்டுக்காரரு கண்ணாடியில தெரியுற மாதிரி அப்படியே இடம் வலமா மாத்திட்டாரு அக்கா,” என்றாள் இளையவள்.

“ஏன்லா?” என்று கேட்டார் மூத்தவர்.

“ஸ்ட்ரோக்குல வலது கை விழுந்ததும், இனிமே வரையவே மாட்டேன்னு சாயத்தையெல்லாம் பெட்டியில போட்டுக் கட்டிட்டேன். போன வாரம் தெரப்பி முடிஞ்சு வந்து பாத்தா, மேசையத் திருப்பி, ஜன்னல் வெளிச்சம் வலப்பக்கமா விழுற மாதிரி போட்டிருக்காரு. பிரஷ், சாயம், துணி எல்லாம் இடது கைக்கு எட்டுற தட்டுல இருக்கு. டியூப் மூடியக்கூட லூசாத்தான் திருகி வச்சிருக்காரு.”

“லோரி ஓட்டுறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?”

“நான் இல்லாதப்ப அவரே இடது கையால வரைஞ்சு பாத்திருக்காரு அக்கா. குப்பைத்தொட்டி நிறைய பூனைப் படம். ஒண்ணுக்கும் கால் சரியா இல்ல.”

மூத்தவர் சிரிக்கவில்லை. “மனுசன்லா அவரு,” என்றார். பிறகு, “நீ வரைஞ்சியா?” என்று கேட்டார்.

“அதுல ஒரு பூனைப் படத்த எடுத்து, இடது கையால கால் போட்டேன். கோணலாத்தான் வந்துச்சு. அவரு அதக் கொண்டு போய் சாமி மேடைக்குப் பக்கத்துல மாட்டிட்டாரு.”