நல்ல கிணறுள்ள வீடு

வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். எதற்கென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பிறகு கன்னிமூலையில் கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்தில் கோயில் இருந்தால் சந்தோஷப்படுவார்கள், சுடுகாடு இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பழைய ஆதாரப் பத்திரங்களை மகாராஜா காலம் வரை தோண்டுவார்கள். மண்ணை மட்டும் யாரும் தோண்டுவதில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். கரமனைக்கு அப்பால் இருக்கும் அந்த வீட்டை விற்றபோது நான் எதையும் மறைக்கவில்லை. மறைப்பதற்கு மதில் ஏற்கெனவே இருந்தது.

என் பெயர் வெங்கடேஸ்வரன். அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். நானும் என் மனைவி பாகீரதியும் அந்த வீட்டுக்குக் குடிபோன காலத்தில் மதிலுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. லாரிகளின் பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுப்பார்கள். மிச்சத்தை அப்படியே மண்ணில் கொட்டுவார்கள்.

"ஏன்னா, பின்னாடி என்னத்தைப் பொசுக்கறா? தொண்டையெல்லாம் எரியறதே," என்பாள் பாகீரதி. ஜன்னலைச் சாத்தச் சொல்வேன்.

தொண்ணூற்று மூன்றில் கொட்டகையைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் வாழை வைத்தார்கள். வாழை மஞ்சளாகவே வளர்ந்தது. எதையும் சரிபார்த்துக்கொள்வது என் பழக்கம். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப்போய், சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த, தெரிந்த மலையாளி ஒருவரிடம் கொடுத்தேன்.

"ஸ்வாமி, இது குடிக்கருது. நிறைய ஈயம் உண்டு. குழந்தைகளுக்கு ஒட்டும் கொடுக்கருது," என்றார். குடிக்கக் கூடாதாம், குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாதாம். எழுதித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தாளில் ஏறிய விஷயம் வீட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

அன்றிலிருந்து நான் குடிக்கவில்லை. அலுவலகத்தில் குழாய்த் தண்ணீர் இருந்தது. காலைக் காப்பியும் டிபனும் ஹோட்டலில். ராத்திரிக்குப் பழமும் இளநீரும். பாகீரதிக்கு வருத்தம்தான். "என் சமையல் அலுத்துடுத்தா?" என்று கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

அவளிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பாகீரதியின் வாயில் ஒரு செய்தி தங்காது. காலையில் கேட்டதை மாலைக்குள் தெருவுக்கே பங்கிட்டுவிடுவாள். வீட்டுக்குக் குழாய் இணைப்பு வாங்கினாலோ, கிணற்றுக்கு என்ன வந்தது என்று பக்கத்து வீட்டார் விசாரிப்பார்கள். அப்புறம் யார் வாங்குவார்கள்? ஓய்வு பெற்றதும் நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, மகள் மீரா இருக்கும் சென்னைக்கு இருவரும் போய்விடலாம் என்று பொறுத்திருந்தேன்.

பாகீரதியால்தான் பொறுக்க முடியவில்லை. முதலில் வயிற்றுவலி. பிறகு உடம்பு வெளுத்தது. பாத்திரங்கள் கையிலிருந்து நழுவின. அடுப்பில் பால் வைத்ததை மறந்தாள். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். அவள் சொன்ன பேச்சைக் கேட்கிறவள். கடைசியில் சிறுநீரகம் போயிற்று. இரண்டாயிரத்தில் அவளும் போனாள்.

மீரா ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் குழந்தையோடு வருகிறேன் என்பாள். கொசு, புழுக்கம் என்று ஏதாவது சொல்லி, நாங்களே சென்னைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அம்மாவின் காரியத்துக்குக்கூட குழந்தையை விட்டுவிட்டு வரச் சொன்னேன். என் பேரன் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அதில் நான் கண்டிப்பு.

அடுத்த வருஷம் செல்வினும் அவன் மனைவி ஜெபமலரும் வீடு பார்க்க வந்தார்கள். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர்கள். செல்வினுக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புக் கடை. அவன் சுவரைத் தட்டினான். ஜெபமலர் தட்டவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கொல்லைக்குப் போனாள்.

"மதிலுக்கு அந்தப் பக்கம் என்னவாக்கும் சாமி?"

"வாழைத் தோட்டம்."

"அதுக்கு முன்ன?"

"காலி மனை." கொட்டகைக்கும் முன்னால் அது காலி மனைதான். பொய்யில்லை.

"வாழை ஏன் இப்படி வெளறிக் கெடக்கு? கிணத்து வெள்ளத்த ஒண்ணு டெஸ்ட் பண்ணிப் பாக்கட்டா சாமி? பிள்ளைக்குக் குடுக்கணும்லா."

கெட்டிக்காரி. வந்தவர்களில் கேட்க வேண்டியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். நான் கோபித்துக்கொள்ளவில்லை. வாளியை இறக்கி, தண்ணீர் இறைத்து, அவள் கண்முன்னே ஒரு டம்ளர் நிறையக் குடித்தேன்.

"என் ஆத்துக்காரி இத்தனை வருஷம் குடிச்ச தண்ணிம்மா," என்றேன்.

செல்வினுக்கு வெட்கமாகிவிட்டது. "சாமியே குடிச்சாச்சு, பெறவு என்னத்துக்கு டெஸ்ட்டு? பேசாம இரு," என்று அவளை அடக்கினான்.

ஒரு டம்ளரால் ஒன்றும் ஆகாது. தினமும் குடிக்க வேண்டும், விடாமல் குடிக்க வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

வீட்டை அவர்களே வாங்கினார்கள், நான் மீராவிடம் சென்னைக்குப் போனேன். அவர்களுடைய அந்தப் பெண்குழந்தை பேச ஆரம்பித்து, பிறகு பேச்சை நிறுத்திவிட்டதாம். வலிப்பும் வந்ததாம். ரத்தத்தில் ஈயம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். ஜெபமலர் என்னைத் தேடிச் சென்னைக்கே வந்துவிட்டாள். சத்தம் போடவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. மீராவிடம் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அக்கா, ஒங்க பிள்ளைய எப்பமாவது அந்த வீட்டுக்குக் கொண்டு போயிருக்கியளா?"

மீரா யோசித்தாள். என்னைப் பார்த்தாள். உங்களுக்குப் போன் செய்தது அவள்தான், ஜெபமலர் அல்ல.

எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீரில் ஈயம் இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் என் மனைவியைக் குடிக்க விட்டேன். தெரிந்தேதான் அந்தக் குழந்தைக்கும் விற்றேன். இதில் திருத்த ஒன்றுமில்லை.

மீரா பேசுவது மட்டும்தான் நியாயமாக இல்லை. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா," என்று அழுகிறாள். சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், பாவம் அவள், அதற்கப்புறம் ஒரு வாய்த் தண்ணீரையாவது நிம்மதியாகக் குடித்திருப்பாளா?