பச்சைக்கல்லை மூடிய நேரத்தில் பாஞ்சாலி

பாஞ்சாலியைக் கடத்தியவர் அவளுடன் பிறந்த அண்ணன் கோதண்டம். நான் கடத்தவில்லை.

என் பெயர் செல்வமேரி, வயது 29, தகப்பனார் ஏசுதாஸ், காலமாகிவிட்டார். சொந்த ஊர் சேரப்பணஞ்சேரி. தற்போது மண்ணூர் அருகே செங்கல் சூளைக் குடிசையில் வசிக்கிறேன். சூளையில் ஜோடிக்குத்தான் வேலை கொடுப்பார்கள். ஒருவர் சேறு மிதிக்க வேண்டும், ஒருவர் அதை அச்சில் அடித்துக் கல் அறுக்க வேண்டும். மற்றவர்கள் புருஷன் பெண்டாட்டியாக வந்தார்கள். நானும் பாஞ்சாலியும் 1972-ல் ஜோடியாகச் சேர்ந்தோம். அவள் மிதித்தாள், நான் அறுத்தேன். ஒரே அடுப்பு, ஒரே பாய். பக்கத்துக் குடிசை முனியம்மாள், "உங்களுக்கு இன்னாடி, குடிச்சிட்டு வந்து ஒதைக்க வூட்ல ஆளா கீது?" என்பாள். "நீயும் வந்துடுக்கா, சோறாக்க ஆள் வேணும்" என்பாள் பாஞ்சாலி. யாரும் எங்களை விரட்டவில்லை.

சென்ற மாதம் கோதண்டம் வந்து, மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார். அவள் வரமாட்டேன் என்றாள். அதன் பிறகு போன செவ்வாய்க்கிழமை பகலில் வாடகைக் காரில் ஆட்களுடன் வந்தார். அப்போது மேற்கே கறுத்து மழை இறங்கியது. காயவைத்த பச்சைக்கல், அதாவது இன்னும் சுடாத செங்கல், மழையில் கரைந்து மண்ணாகிவிடும் என்பதால் சூளையில் உள்ள அனைவரும் கீற்றுத் தட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவது வழக்கம். கார் வந்ததைப் பார்க்காமல் நானும் ஓடினேன். பாஞ்சாலி காய்ச்சலுடன் குடிசையில் படுத்திருந்தாள். அதன் பிறகு அவள் கத்தியது கேட்டது. கையில் இருந்த தட்டியைக் கல்லின் மேல் சரியாக வைத்துவிட்டுத்தான் திரும்பினேன். அதற்குள் கார் ரோட்டில் ஏறிவிட்டது. பாயோடு தூக்கிப் போயிருந்தார்கள்.

அதன் பிறகு மேஸ்திரி முனிரத்தினத்திடம் போய்ச் சொன்னேன். "கூடப் பொறந்தவன் இட்டுனு போறான், நீ இன்னா அவளுக்குப் புருசனா?" என்றார். மறுநாள் தசரதன் என்பவரை எனக்கு ஜோடியாகப் போட்டார். அவர் மிதித்தார், நான் அறுத்தேன்.

அதன் பிறகு, நான் மருந்து வைத்துப் பாஞ்சாலியை மயக்கி ஆறு வருடமாக அடைத்து வைத்திருந்ததாகக் கோதண்டம் கொடுத்த புகாரின் பேரில் ஸ்டேஷனுக்கு அழைத்து வரப்பட்டேன். எங்கள் குடிசைக்குக் கதவு கிடையாது. சாக்குத்தான் தொங்குகிறது.

அவள் எனக்கு என்ன உறவு என்று ஏட்டையா கேட்டார். சேர்ந்து வாழ்ந்தோம் என்றேன். தோழி என்று எழுதுவதாகச் சொன்னார். நான் ஒப்பவில்லை.

இதில் உள்ளது முழுவதும் என் வாயால் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன். பொய் இல்லை. கையெழுத்துக்கு முன் இதையும் எழுதச் சொன்னேன்: பாஞ்சாலிக்கு வயது 27. அவளை இங்கே அழைத்து வந்து, யாருடன் இருக்க விருப்பம் என்று அவளையே கேட்க வேண்டும். எப்போது அழைத்து வருவீர்கள் என்று கேட்டேன். ஏட்டையா கையெழுத்துப் போடச் சொன்னார்.

(ஒப்பம்) செல்வமேரி