கட்டு கரைய வேண்டும்

நான் நன்றாகச் சமைப்பேன், மேடம். என் வேர்க்கடலைச் சட்னிக்காகவே கீழ்பென்னாத்தூரிலிருந்து நாத்தனார்கள் வந்து போவார்கள். என் கணவர் காசிக்குத் தட்டு நிறைய இட்லியோடு அது வேண்டும். பஸ் ஓட்டிய மனிதர். உட்கார்ந்தே பெருத்த உடம்பு.

ஓய்வு பெற்ற பிறகு வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்தோம். போன ஐப்பசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்தும் எழவில்லை. படுத்தே கிடந்ததில் இடது தொடையில் ரத்தம் கட்டிக்கொண்டது. அவரைப் புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். பெங்களூரிலிருந்து மகள் கீர்த்தனா போனில், "அப்பாவ நல்லா பாத்துக்கோம்மா" என்பாள். பார்த்துக்கொண்டேன். எனக்கு அவர்மேல் கோபமெல்லாம் இல்லை. அசதி, அவ்வளவுதான்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "மாத்திரை, கட்டு பெருசாகாம பாத்துக்கும்மா. அதக் கரைக்கிறது உடம்போட வேலை. கொழுப்பு ஜாஸ்தியா இருந்தா அந்த வேலை மந்தமாயிடும். கொஞ்சம் கொஞ்சமா எடையக் கம்மி பண்ணுங்க."

கொஞ்சம் கொஞ்சமாக என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் பட்டினி கிடந்தால் கட்டு சீக்கிரமே கரைந்துவிடும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒருவர் பேசினார். சீக்கிரம் கரைந்தால் நல்லதுதானே.

மாசியில் ஆரம்பித்தேன். முதலில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். அப்புறம் காலை இட்லி. அப்புறம் வெந்நீர் மட்டும். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு இல்லை, ஆகையால் மாத்திரையும் இல்லை.

"சந்திரா, ஒரு வாய் கஞ்சியாவது குடு" என்பார்.

"கட்டு கரையணும்ங்க. பொறுத்துக்குங்க."

நான் சாப்பிட்டேன். அவரைத் தூக்க எனக்குத் தெம்பு வேண்டுமே. தாளிக்கும்போது அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்வேன். வாசனை போனால் அழுவார்.

அப்போது ரமலான் மாதம். பக்கத்து வீட்டு மெஹ்ருன்னிசா தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். அவரும் விரதம்தான் என்றேன். கட்டிலை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நாங்க சாயந்திரமானா சாப்ட்டுடுவோம்க்கா. அண்ணன் எப்ப சாப்பிடுவாரு?"

தூக்கை வாங்கிக்கொண்டு, "தூங்கட்டும், அப்புறம் குடுக்கறேன்" என்று அனுப்பிவைத்தேன். கஞ்சி நன்றாக இருந்தது. ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது அவளாகத்தான் இருக்கும். நல்ல பெண். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

அவர் இளைத்தார். ஒற்றைக் கையால் புரட்ட முடிந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த உடம்பு எனக்குக் கனக்காமல் இருந்தது அப்போதுதான்.

கடைசி நாள் காலையில் கால் வீங்கிக் கன்றியிருந்தது. "வலி தாங்கல சந்திரா, கொஞ்சம் பிடிச்சு விடு" என்றார். அந்தக் காலைத் தேய்க்கவே கூடாது, கட்டு பெயர்ந்து நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் எச்சரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எண்ணெயைச் சூடுபண்ணிக் கொண்டுவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தொடையிலிருந்து மேல்நோக்கி, அழுத்தித் தேய்த்தேன். மூச்சுக்குத் திணறினார். நான் நிறுத்தவில்லை. மூச்சு அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கொடுமைக்காரி என்று மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள், மேடம். அவர் வாய்விட்டுக் கேட்டதைத்தானே செய்தேன்.