பஸ்ஸுக்கு முன்னால் விளக்குப் பிடித்தவன்

நான் புத்தகத்தை எடை பார்த்துத்தான் வாங்குவேன். உள்ளே என்ன இருக்கிறது என்பது வாசித்து முடித்த பிறகுதான் தெரியும். எடையோ கையில் எடுத்தவுடனே தெரிந்துவிடும். இப்போது யாங்கோன் என்கிற ரங்கூனில், கியாக்டடா நடைபாதையில் பழைய புத்தகம் விற்கும் ஜமாலுக்கு என் வழக்கம் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் என்னைக் கண்டதும், "ஊ பிரேம், உங்களுக்குன்னு ஒரு குட்டி யானை வந்திருக்கு" என்று இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தான்.

இங்கிலீஷ் புத்தகம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்ததிலிருந்து ஒரு முப்பத்தைந்து வருஷம் வெள்ளைக்காரன் தன் ஊரில் எப்படிப் பிழைத்தான் என்ற சரித்திரம். ராஜா மந்திரி கதையில்லை. என்ன தின்றான், என்ன உடுத்தினான், லீவுக்கு எங்கே போனான், எந்த வரிசையில் எத்தனை மணி நேரம் நின்றான், அது. எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம். ஒரு வீசைக்குக் குறையாது. மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு தூங்கினால் மறுநாள் காலை சங்கத்தார் மாலையோடு வந்துவிடுவார்கள்.

நடந்ததை எழுதித் தரும்படி கேட்டிருப்பவள் ராதாமணி, என் சிநேகிதன் மாரிச்சாமியின் மகள். "ஊலே, செஞ்சது அத்தனையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஒண்ணு விடாம" என்றாள். இங்கே ஊ என்றால் ஐயா, ஊலே என்றால் மாமா. கோபத்திலும் மாமாவை விடவில்லை, நல்ல பெண். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் தமிழில்தான் எழுதுகிறேன். எழுபத்தைந்து வருஷமாக இந்த ஊரில் இருந்தும் பர்மிய எழுத்தைப் பார்த்தால் ஒரே வட்டம் வட்டமாகத் தெரிந்து தலை சுற்றுகிறது. ஆகவே இதை அவளுக்கு அவள் அப்பாதான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நாற்பத்தொரு வருஷம் பபேடானில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தேன். டாக்டர் இல்லை. ஆனால் வெள்ளைக் கோட்டு உண்டு. யாங்கோனில் பாதிப் பேரின் மூக்கு என் கைபட்ட மூக்கு. மீதிப் பாதி நல்ல கண்ணோடு பிறந்த துரதிர்ஷ்டசாலிகள்.

மாரிச்சாமி ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவன். மகளோடு தாகேதாவில் இருக்கிறான். அவனுடைய அண்ணன் சின்னத்தம்பி அறுபத்தொன்றில் கப்பலேறி இங்கிலாந்து போனான். அங்கிருந்து ஒரே ஒரு தபாலட்டை வந்தது. முன்பக்கம் சிவப்பு மாடி பஸ். பின்பக்கம், "சுகம். குளிர் அதிகம். அப்புறம் எழுதுகிறேன்." அப்புறம் வரவேயில்லை. மாரிக்கு அப்போது பத்து வயது. இப்போது எழுபத்துநாலு நடக்கிறது. அட்டை இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.

நான் யானையை வாங்கிய அன்று அவன் அதைத் தடவிப் பார்த்தான். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, எழுத்து அவனுக்கு எறும்புச் சாரியாகத் தெரிந்த சமயம்.

"அண்ணன் போன நேரம் இதுல வருமா, பிரேமு?"

"முன்னூறாம் பக்கத்துக்கு மேல வரும்."

"வாசிச்சுச் சொல்றியா? பேர் இருக்கும்னு கேக்கலை. அவன் எந்தக் காத்தைக் குடிச்சான், எந்தத் தெருவுல நடந்தான்னு தெரிஞ்சா போதும்."

திங்கள், புதன், வெள்ளி, பகல் இரண்டு மணி, என் வீட்டு மாடி என்று பேச்சு. மற்ற நாட்களில் என் வீட்டுக்கு யாரும் வருவதில்லை. அது இங்கே தேவையில்லாத விஷயம்.

முதலில் நான் ஒரு எழுத்துப் பிசகாமல்தான் வாசித்தேன். சண்டையில் ஜெயித்தவனுக்கு ரொட்டியும் அளந்துதான் கிடைத்தது என்றதும் மாரி தொடையில் தட்டிச் சிரித்தான். "நம்மளை ஆண்டவனா? கையில கார்டோட? வரிசையிலயா?" ஐம்பத்துநாலு வரை இறைச்சிக்கு அளவு இருந்தது என்பதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னான். மூன்றாம் தடவை எழுந்து நின்று கேட்டான்.

பிறகு ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் புகைமூட்டம் வந்தது. கரிப் புகையும் பனியும் சேர்ந்து லண்டன் மேல் அஞ்சு நாள் படுத்துக்கொண்டது. சினிமாக் கொட்டகைக்குள்ளே புகுந்து திரையை மறைத்தது. டிரைவருக்குத் தெரு தெரியாமல், கண்டக்டர் கையில் விளக்கோடு பஸ்ஸுக்கு முன்னால் நடந்து வழிகாட்டினான். மாரி சட்டைப் பையில் இருந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தான்.

"எனக்கு இப்ப அப்படித்தான் இருக்குய்யா. எனக்கு நீதான் அந்தக் கண்டக்டர்."

இதை நானாகப் போட்டுக்கொண்ட பட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவன் கொடுத்தது.

தவறு, அப்படி ஒன்று நடந்ததென்றால், அறுபத்துமூன்றாம் வருஷக் குளிரில் நடந்தது. கரையோரம் கடலே உறைந்துபோனது என்று புத்தகத்தில் இருந்ததை அப்படியே வாசித்தேன். மாரி கையை ஆட்டினான். "கடல் உறைஞ்சுச்சா? போய்யா. கண்ணு தெரியாதவன்னு புளுகாதே." எனக்கு மனசு விட்டுப்போயிற்று. உண்மையைச் சொல்லி இப்படிப் பெயர் வாங்குவதற்கு என்ன அவசியம்? அடுத்த வரியாக, துறைமுகத்துப் பக்கம் ஒரு ரங்கூன் தமிழன் அண்டா நிறைய மிளகு ரசம் வைத்து, விறைத்துக் கிடந்த ஒரு தெருவுக்கே ஊற்றிக் காப்பாற்றினான் என்றேன். அதை உடனே நம்பினான்.

நம்பியதோடு நிற்கவில்லை. மெதுவாகக் கேட்டான். "பேர் போட்டிருக்கா?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். "பேர் இல்லை. இடது புருவத்துல ஒரு தழும்புன்னு மட்டும் போட்டிருக்கு."

சின்னத்தம்பிக்கு இடது புருவத்தில் தழும்பு உண்டு. ஐம்பது வருஷச் சிநேகிதத்தில் அதை எனக்கு நூறு தடவை சொன்னவன் மாரிதான். அன்று அவன் அழுத அழுகைக்கு, கீழ்வீட்டு பாப்பம்மாள் யாருக்கு என்ன ஆச்சு என்று மாடியேறி வந்துவிட்டாள். வந்தவள் விஷயத்தைக் கேட்டு அவளும் உட்கார்ந்து அழுதாள். ஒரு மனிதனுக்கு அறுபது வருஷம் கழித்து அண்ணன் கிடைத்திருக்கிறான். நான் என்ன, பிடுங்கிக்கொள்ளவா முடியும்?

அதற்குப் பிறகு சின்னத்தம்பி நன்றாகவே வாழ்ந்தான். பஸ் கண்டக்டரானான். நீளமுடிப் பையன்கள் கித்தார் வாசித்த காபிக் கடைக்கு எதிரே வடை போட்டான். வடை தின்ற பிறகுதான் அந்தப் பையன்களுக்குக் குரலே திறந்தது. தையல்கடையில் துணி பற்றாமல் அவன் பாவாடையைக் குட்டையாக வெட்டப்போக, அதுவே நாடெங்கும் நாகரிகமாகிவிட்டது. எழுபத்துநாலில் நிலக்கரி இல்லாமல் வாரத்துக்கு மூன்று நாள்தான் தொழிற்சாலைக்கு மின்சாரம் என்று ஆனபோது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குடித்தனம் செய்வது எப்படி என்று ஊருக்குச் சொல்லிக்கொடுத்தான். அந்தப் பகுதியை வாசித்தபோது எங்களுக்கே மின்சாரம் இல்லை. விசிறியால் வீசிக்கொண்டே மாரி, "ரங்கூன்காரனுக்கா இருட்டு பத்திச் சொல்லித் தரணும்" என்று பெருமைப்பட்டான்.

இந்த நேரத்தில்தான் ராதாமணி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாள். அவளோடு வேலை செய்யும் மகேந்திரன் என்பவனின் தகப்பனாருக்கு அரை மணி நேரத்தில் புரை எடுத்துவிட்டார்களாம். மறுநாளே பத்திரிகை வாசித்தாராம். மாரி என்னைப் பார்த்தான். அதாவது, நான் இருந்த திசையைப் பார்த்தான்.

"பிரேமு பார்த்துச் சொல்லட்டும். அவன் பார்க்காத கண்ணா?"

பழைய கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டும் உரித்த முட்டை மாதிரி இருந்தன.

"இன்னும் முத்தலை" என்றேன்.

புரை முற்றிய பிறகுதான் கத்தி வைக்க வேண்டும் என்பது நானாகக் கட்டிவிட்ட கதையில்லை. அந்தக் காலத்தில் பெரிய பெரிய டாக்டர்கள் சொன்னதுதான். என் முதலாளிக்கு அப்படித்தான் செய்தார்கள். அதைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பழைய உண்மை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை டார்ச். "இன்னும் முத்தலை." இப்படி இருபத்தாறு மாதம். ராதாமணி முணுமுணுத்தாள். ஆனால் ஒரு கண்ணாடிக் கடைக்காரனோடு எவ்வளவு தூரம் வாதாட முடியும்? இதற்குள் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாரி பேத்தியின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்தான். அந்த வயதில் எல்லாக் குழந்தையும் ஒரே சாடைதான். பெரிய நஷ்டமென்று சொல்ல முடியாது. என் வீட்டுக்கு வரும் வழியில் ஒருநாள் சாக்கடையில் கால் தவறி விழுந்தான். மணிக்கட்டு. இடது கைதான். கட்டோடு புதன்கிழமை சரியாக இரண்டு மணிக்கு வந்துவிட்டான், அவ்வளவு ஆர்வம். அன்று நான் சின்னத்தம்பிக்கு மாநகராட்சியில் ஒரு மெடல் வாங்கிக் கொடுத்தேன்.

போன மார்கழியில் ஒருநாள் காலை மாரிக்கு வலது கண் சிவந்து, தலை வெடிப்பது போல வலித்து வாந்தி எடுத்திருக்கிறது. ராதாமணி என்னைக் கேட்காமல் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டாள். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இடது கண் மிக நன்றாக வந்துவிட்டது. பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டு மூக்கு யாருடையது, காது யாருடையது என்று ஓயாமல் கணக்கெடுக்கிறான்.

வலது கண் வரவில்லை. முற்றி வெடித்து உள்ளே அழுத்தம் ஏறிவிட்டதாம். ஒரு வருஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கூட, என்று டாக்டர் ஆரம்பித்திருக்கிறார். டாக்டர்கள் எப்போதும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

கட்டுப் பிரித்த வாரமே மாரி என்னிடம் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனான். டிக்கெட் கொடுத்தவன், இங்கிலீஷ் தெரியும். ஒற்றைக் கண்ணால் இருபது நாளில் எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் முடித்தான். பிறகு ஒரு காலை டீக்கடைக்கு அதைச் சுமந்துகொண்டு வந்து, பர்மிய மீன்சேமியாவான மொஹிங்காக் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு என் முன்னால் வைத்தான். கோபமே இல்லை. அதுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

"கடல் உறைஞ்சது நிசந்தான், பிரேமு. போட்டிருக்கு."

"சொன்னேனே."

"அண்ணன் எந்தப் பக்கத்துல இருக்கான்?"

சுற்றிலும் ஆட்கள். நான் டீயை ஆற்றினேன். "அது இரண்டாம் பாகத்துல வருது. நான் ரெண்டையும் சேர்த்துத்தான் வாசிச்சேன்" என்றேன். இரண்டாம் பாகம் என்று ஒன்று உண்டா என்பது எனக்குத் தெரியாது. இருக்கக் கூடாது என்று சட்டமில்லை. மாரி தலையாட்டினான். அன்றிலிருந்து வாரம் ஒருதரம் பஸ் பிடித்து ஜமாலிடம் போய் இரண்டாம் பாகம் வந்ததா என்று கேட்டிருக்கிறான். ஏழாம் வாரம் ஜமால் பொறுக்கமாட்டாமல் ராதாமணிக்குப் போன் செய்துவிட்டான். புத்தகம் விற்பவனுக்கு இவ்வளவு இளகிய மனசு ஆகாது. அவள் வந்தாள், நின்றபடியே கேட்டாள், எழுதித் தரச் சொன்னாள்.

அவள் அவ்வளவு பேசிய பிறகும் மாரி வருவதை நிறுத்தவில்லை. போன திங்கட்கிழமை, பழக்கதோஷத்தில் நான்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். இடையில் நிறுத்தினான்.

"வரி தாவுறே. கண்ணு புகையுதா?"

"லேசா."

"குடு இங்கே. இத்தனை நாள் நீ வாசிச்சே. இனிமே நான் வாசிக்கிறேன், நீ சாஞ்சுக்கிட்டுக் கேளு."

யானையைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டான். கடற்கரையில் தொழிலாளிகள் குடும்பத்தோடு லீவுக்குப் போய்த் தங்கும் முகாம்களைப் பற்றிய பகுதி. நல்ல குரல். காலையில் ஒலிபெருக்கியில் எழுப்புவார்கள், வரிசையாக உட்காரவைப்பார்கள், தட்டு தட்டாக மொஹிங்கா கொடுப்பார்கள் என்று வாசித்தான்.

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம். அதில் மொஹிங்கா இல்லை.

நான் அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். மங்கலாக இருந்தது. சிரிக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை. அவன் பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டினான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆள் நான்தான். கதவு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஷப்னம் என்று ஒரு இளம் டாக்டர் பார்த்தாள். ஆரம்பப் புரைதானாம். அடுத்த மாதம் நாள் தரலாம் என்றாள். இந்த வாரம் கிடைக்குமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"அவ்வளவு அவசரம் இல்லை, ஊலே. ஆனா முத்தட்டும்னு காத்திருக்கவும் வேணாம். அதெல்லாம் அந்தக் காலம்."

"தெரியும்மா. முப்பது வருஷமாத் தெரியும்" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். கண் விஷயத்தில் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. கடையில் இருந்த காலத்தில், புரையோடு வந்தவர்கள் அத்தனை பேருக்கும் நான் அதைத்தான் சொல்லி அனுப்பினேன்.