மசூர் விரல் வைத்த வளவு

கல்முனைப் பட்டினப் படத்தை யார் முன்னால் விரித்தாலும் அவர் முதலில் தேடுவது தன் வீட்டைத்தான், நல்லரெத்தினம் ஐயா. இன்ஸ்பெக்டரான நீங்களும் சற்று முன்னர் அதைத்தான் செய்தீர்கள். வீடு கிடைத்த பிறகுதான் கண் சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் போகும். எங்கள் ஆண்கள் கலியாணம் முடித்துப் பெண் வீட்டில் குடியேறுகிறவர்கள். ஆகவே அவர்கள் விரல் உம்மா வீட்டைத் தாண்டி, வீடும் முற்றமுமான மனைவியின் வளவில் போய் நிற்கும். பதினொரு வருடம் அரசாங்கக் கந்தோரில் உத்தியோகமாகப் படம் கீறியவன் நான். எத்தனையோ விரல்களைப் பார்த்துவிட்டேன்.

மசூர் ஒலுவில் ஊர்ப் பொடியன். ஐம்பத்தேழில், மழைக்கு முன்னர், ரோட்டு வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக எங்கள் கந்தோருக்கு மாற்றலாகி வந்தான். இந்த ஊரில் அவனுக்கு வீடும் இல்லை, சொந்தமும் இல்லை. ஒரு நாள் படத்தை விரித்துக் கொடுத்தேன். அவன் விரல் பள்ளியைத் தொடவில்லை, தபால் கந்தோரைத் தொடவில்லை. நேரே என் மனைவி சரீபாவின் வளவில் போய் நின்றது.

"என்ன தம்பி தேடுறாய்?"

"ஒண்டுமில்ல காக்கா. சும்மா பாத்தன்."

அண்ணனைப்போல என்னைக் காக்கா என்பவன், முகம் சிவந்து கையை எடுத்துக்கொண்டான். எனக்கு வயிறு எரிந்தது, ஐயா. அதை மறைக்க மாட்டேன்.

நிச்சயப்படுத்த வேண்டுமல்லவா? வெள்ளிக்கிழமை அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சரீபா கதவுக்குப் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்களன், வெக்கப்படுறார்" என்றாள். என் சோற்றைப்பற்றி அவள் ஒரு நாளும் அப்படிக் கவலைப்பட்டதில்லை. அவன் போன பிறகு, "நல்ல குணம் போல" என்று சிரித்தாள். அதன்பின் நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மார்கழியில் வெள்ளம் வந்தது. ரோட்டெல்லாம் தண்ணீருக்கடியில் போய்விட்டது. கடற்கரையில் அகப்பட்டவர்களுக்கு அரிசி கொண்டுபோக வேண்டும். ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, வழி பார்க்க முன்னால் போக நின்றவன் மசூர்.

"காக்கா, ஆழமில்லாத வழியாக் கீறித் தாங்க."

கீறிக் கொடுத்தேன். கடலுக்குத் தண்ணீர் ஓடுகிற தோணா இருக்கிறதே, அது அங்கே இரண்டு ஆள் ஆழம். அதன் குறுக்கே ரோட்டுக்குரிய இரட்டைக் கோட்டை இழுத்தேன். படத்தில் அது ஓர் அங்குலம்கூட வராது. ரோட்டுக் கோட்டில் ஏறிய கண் அது முடியுமட்டும் இறங்காது, ஐயா. அவனும் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எனக்காகக் கையேந்தித் துஆச் செய்துவிட்டுத்தான் போனான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, தோணாவில் மூழ்கிப்போன அவன் மையித்தைக் கொண்டுவந்தார்கள். சட்டைப் பையில் என் படம் இருந்தது. அது தண்ணீரில் கரையாத மை.

வீட்டுக்குப் போனால் சரீபாவின் தங்கை சபூறா தரையில் கிடந்து அழுகிறாள்.

"இவளுக்குப் பேசின மாப்பிள்ளை" என்றாள் சரீபா. "உங்கட சந்தேகக் குணம் தெரியும்தானே. எல்லாம் முடிஞ்ச பொறகு சொல்லுவம் எண்டு இருந்தம்."

எங்கள் வளவின் பின்பக்கம் சரீபாவின் வாப்பா சபூறாவுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். சுவருக்குக் கல் சுமந்தவனே நான். மசூர் தேடியது அந்த வீட்டைத்தான் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கூரை போடாத வீட்டைக் கந்தோரில் கீறுவதில்லை, ஐயா. படத்தில் அந்த வளவில் ஒரேயொரு வீடுதான் இருந்தது. நீங்கள் என் கதிரையில் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கும் ஒரேயொரு வீடுதான் தெரிந்திருக்கும்.