நான்கு விரல் முன்னால் சுற்றிய உறை

பில்லியர்ட்ஸ் மேசையிலே உருளும் பந்துகளுக்கும் மேடையிலே உளறும் மனிதர்களுக்கும் சேர்த்தே தலைமை தாங்கும் மாண்பமை தலைவர் அவர்களே! எங்களையெல்லாம் நாற்காலியில் சாய்த்து வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய பல் மருத்துவரே! இன்று என்னை நிற்கவைத்து வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள். வலித்தால் நீங்கள் கையைத் தூக்குங்கள், நான் நிறுத்திவிடுகிறேன்.

கணீர்க் குரலால் புள்ளி சொல்லும் செயலாளர் அவர்களே! முழங்கால் வலியையும் மூக்குக் கண்ணாடியையும் சுமந்துகொண்டு முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! "அந்தக் கிளப்புல அப்படி என்னதான் இருக்கு?" என்று ஆண்டு முழுவதும் கேட்டுவிட்டு, இன்று நேரிலேயே பார்க்க வந்திருக்கும் தாய்மார்களே! வென்றவர்களே, வெல்லவிருப்பவர்களே, என்னைப்போல் வேடிக்கை பார்ப்பதற்கென்றே பிறந்தவர்களே! உங்கள் எல்லோருக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டி மெக்கானிக்கின் குளிராத வணக்கம்!

மூன்றாவது வரிசையில் ஏன் சிரிப்பு? தெரியும் ஐயா, தெரியும். நான் படியேறியபோதே பார்த்துவிட்டீர்கள். பக்கத்து அறையில் காத்திருந்தபோது, கோல் நுனியில் தேய்க்கிற நீலச் சாக்குக் கட்டி ஒன்று நாற்காலியில் இருந்தது. நான் பார்க்கவில்லை. மனைவி தேய்த்துக் கொடுத்த வெள்ளைக் கால்சட்டையின் பின்புறத்தில் இப்போது ஒரு நீல மேசையே விரிந்திருக்கிறது. ஆகவே, இந்தப் பேச்சு முடியும்வரை உங்களுக்கு முதுகு காட்ட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். வீரத்தால் அல்ல, வெட்கத்தால்!

பத்தாம் வகுப்புவரை படித்தவன் நான். அதிலும் கணிதத்தோடு இரண்டு முறை மோதினேன், இரண்டு முறையும் கணிதமே வென்றது. இப்படிப்பட்டவனை அழைத்து, "பில்லியர்ட்ஸ் கோலுக்குக் கைப்பிடி உறை தேர்ந்தெடுப்பது எப்படி என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றார் செயலாளர். ஏன் என்னை? எனக்கு ஆடத் தெரியுமா? தெரியாது. கோல் செய்யத் தெரியுமா? தெரியாது. ஆனால் இந்த ஊரிலேயே உறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவன் யார் என்று கேட்டால், எனக்கு எதிராகப் போட்டியிட ஆளே இல்லை!

கதையைச் சொல்கிறேன்.

எனக்கு ஒரே மகள். இந்தக் கிளப் அவளுக்குச் சூட்டிய பெயர் மூலைக்காரி. மேசையில் ஆறு குழிகள் இருந்தாலும் அவள் பந்து மூலைக்குழியைத்தான் தேடிப் போகும். அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது, இந்தக் கிளப்பின் குளிர்பானப் பெட்டி நின்றுபோனது. பள்ளியிலிருந்து அவளை அழைத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன். நான் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தபோது, அவள் ஒரு கோலை எடுத்துவிட்டாள். "ஏய், வெச்சுடு, ஒடஞ்சுடும்!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். 'டக்' என்று ஒரு சத்தம். ஒடிந்தே விட்டது என்று தலையை வெளியே எடுத்தேன். பந்து குழிக்குள் இருந்தது!

அன்று தொடங்கியது. அந்தப் பிறந்தநாளுக்கு ஒரு பழைய கோல் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கோ உள்ளங்கை வேர்க்கும். தேர்வென்றால் வேர்க்கும், ஆட்டமென்றால் அருவியாய்க் கொட்டும். பிடி வழுக்கியது. நான் சும்மா இருப்பேனா? குழாய்களுக்குச் சுற்றியே வாழ்க்கையை ஓட்டியவன் அல்லவா! அவள் கை பிடிக்கிற இடம் பார்த்து, ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு டேப்பைச் சுற்றிக் கொடுத்தேன்.

"என்னப்பா, ஃப்ரிட்ஜு பைப்பு மாதிரி இருக்கு!"

"அதனாலதாம்மா கை கூலா இருக்கும்."

சிரித்தாள். அந்த டேப்போடு இரண்டு ஆண்டுகள் ஆடினாள். அவள் விரல்கள் படிந்து படிந்து, டேப்பில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

பதினைந்து வயதில் மேற்படிப்புக்காக விடுதிக்குப் புறப்பட்டாள். வாசலில் பெட்டி, பை, பக்கத்தில் துணிப்பைக்குள் அந்தக் கோல். நான் சொன்னேன்: "படிக்கப் போற எடத்துல இது எதுக்கு? வெச்சுட்டுப் போ."

அவள் சண்டை போட்டிருக்கலாம். அம்மாவைத் துணைக்கு அழைத்திருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. கோலைக் கொண்டுபோய் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். வண்டி ஏறினாள். போய்விட்டாள்.

ஏழு ஆண்டுகள், தாய்மார்களே! படிப்பு முடிந்தது, அங்கேயே இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலையும் கிடைத்தது. விடுமுறைக்கு வருவாள். இரண்டு நாள் இருப்பாள், மூன்றாம் நாள் போய்விடுவாள். கிளப் பக்கம் வருவதில்லை, அலமாரிக்குப் பின்னால் பார்ப்பதுமில்லை. தொலைபேசியில், "சாப்டியாம்மா?" "சாப்டேம்பா." "வேலை?" "போகுதுப்பா." அவ்வளவுதான். வீட்டில் பெருக்கும்போதெல்லாம் என் மனைவி அந்தக் கோலை எடுத்துத் துடைத்து, ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி வைப்பாள். வாய் திறந்து திட்டினால்கூடத் தாங்கலாம் ஐயா, அந்தப் பார்வையைத் தாங்க முடியாது!

போன மாதம் மகள் பேசினாள். "அப்பா, பத்து நாள் லீவு. கிளப்புல போட்டி நடக்குதாமே, பேர் குடுத்திருக்கேன்."

என் காதில் தேன் பாய்ந்ததா? பாலா பாய்ந்தது? ஏதோ பாய்ந்தது! அன்றைக்கே கோலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்கே? அச்சகத்துக்கு மேல்மாடியில், கோல்களைக் கடைந்து சீர்செய்யும் அம்மையாரிடம். அதோ, தூணருகே அமர்ந்திருக்கிறார். எழுந்திருக்க மாட்டார், என்மேல் அவ்வளவு கோபம்!

அவர் மூன்று உறைகளை எடுத்துக் காட்டினார். மெழுகிட்ட நூல்: வேர்வையை உறிஞ்சும். தோல்: காய்ந்த கையோடும் ஒட்டும். ரப்பர்: யாருக்கும் ஒத்துவரும், யாருக்கும் உறவாகாது. பிறகு கேட்கத் தொடங்கினார்.

"கை வேர்க்குமா அவங்களுக்கு?"

"அருவிங்க."

"இப்பவுமா?"

நான் மூன்று உறைகளையும் மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

"கை பெருசா, சின்னதா?"

இரண்டு விரலால் அளவு காட்டினேன். "அது கொழந்த கைங்க," என்றார். "வயசு என்ன?"

"பதினஞ்சு... இல்லல்ல, இருபத்திரெண்டு."

அந்த அம்மையார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பெற்ற மகளின் கை எப்படி இருக்கும் என்று பெற்றவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து தொலைபேசியில் நைசாகக் கேட்டேன்.

"ஏம்மா, உனக்குக் கை வேர்க்குதா?"

"என்னப்பா, ஒடம்பு சரியில்லையா? சுகர் பாத்தீங்களா?"

"எனக்கில்லம்மா, உனக்கு."

"அப்பா, தலை சுத்துதா? அம்மாகிட்ட ஃபோனைக் குடுங்க!"

மனைவி பக்கத்திலிருந்து, "ஃபோன்லயே கைரேகை பாக்குறாரு உங்கப்பா," என்றாள். ஆய்வு அத்தோடு முடிந்தது.

மறுநாள் போய், "நூலே சுத்துங்க" என்றேன். "நல்லா நீளமா, பின்பக்கம் கடைசிவரைக்கும் சுத்திடறேன்," என்றார் அவர். "வளர்ந்திருப்பாங்க, கை பின்னாடி போயிருக்கும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பழைய டேப்பில் விழுந்திருந்த பள்ளத்தைத் தொட்டுக் காட்டினேன். "இங்கதாங்க புடிப்பா. இதே எடத்துல, இதே ஒரு சாண். எம்பொண்ணு எனக்குத் தெரியாதா?"

மகள் உயரமாகிவிட்டாள் என்பது எனக்குத் தெரியும், அவையோரே! அந்த உயரம் கைவரைக்கும் போகும் என்பதுதான் தெரியவில்லை!

வந்தாள். கோலைக் கையில் கொடுத்தேன். உறையைத் தடவிப் பார்த்தாள். சாப்பாட்டு மேசையோரம் குனிந்து, பந்தில்லாமலே ஒரு முறை அடித்துப் பார்த்தாள். கை பின்னால் போனது, நின்றது, ஏதோ நினைத்ததுபோல் நகர்ந்து முன்னால் வந்தது. "சூப்பர்ப்பா. கச்சிதமா இருக்கு," என்றாள். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. தலைக்கேறினால் கண் தெரியுமா?

நேற்று மதியம் அரையிறுதி. எதிரே நம் தபால்காரர். முதலில் ஐந்து ஆட்டம் எடுப்பவர் வெற்றியாளர். முதல் ஆட்டம் போனது. இரண்டாவது போனது. மூன்றாவதும் போனது. "மூலைக்காரி மூலையை மறந்துட்டாப்பா," என்று எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று கேட்க மாட்டேன், தலைவர் தலை குனிகிறார்!

ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடிக்குக் கிளப்பின் கனமான கோலை எடுப்பாள். அதில் கை எங்கே இருந்தது தெரியுமா? நன்றாகப் பின்னால். முழங்கை ஊஞ்சல்போல் ஆடும். பந்துகள் சிதறி ஓடும். பிறகு நான் உறை சுற்றிய கோலை எடுப்பாள். கை முன்னால் வரும், முழங்கை மடங்கும், தோள் இறுகும், பந்து குழியின் உதட்டைத் தொட்டுத் திரும்பும். மீண்டும் மீண்டும் பார்த்தேன். அவள் கை போக விரும்பிய இடம் நான் சுற்றிய உறைக்கு நான்கு விரல் பின்னால் இருந்தது. பக்கத்தில் அந்த அம்மையார். திரும்பினேன். "நான் ஒண்ணுமே சொல்லலைங்க," என்றார்.

மூன்றாவது ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தாள். அருகில் போனேன்.

"ஏம்மா, பின்னாடி புடி."

"எதுக்குப்பா? உறை இங்கதான இருக்கு."

"உறை கெடக்குது. உன் கை எங்க போகுதோ அங்க புடி."

"நல்லாத்தாம்பா இருக்கு. நெஜமா."

"மூணு ஆட்டம் தோத்துட்டு நல்லா இருக்குன்றியே! நீ என்ன, எனக்காகவா ஆடுற?"

சாக்குக் கட்டியை எடுத்துக் கோல் நுனியில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். "ஆமாப்பா," என்றாள்.

அவையோரே! ஆயிரம் குளிர்சாதனப் பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் நான். அந்த ஒரு சொல்லில் உறைந்ததுபோல் எதிலும் உறைந்ததில்லை!

"வேணாம் கண்ணு," என்றேன். "உனக்கு ஆடு."

போனாள். குனிந்தாள். உறையைத் தாண்டி, வெறும் மரத்தில் கையை வைத்தாள். என்ன ஆனது? மூலை! இன்னொரு மூலை! மறுபடி மூலை! நான்கு ஆட்டங்களை வரிசையாக அள்ளினாள்! இந்தக் கூடம் எழுந்து நின்றது! பிறகு தபால்காரர் தம் வேலையைச் சரியாகச் செய்தார். இரண்டு ஆட்டங்களை எடுத்து, ஐந்துக்கு நான்கு என்று தோல்வியைக் கையில் பட்டுவாடா செய்துவிட்டுப் போனார். கைதட்டுங்கள் அவருக்கு! தகுதியான கை!

இன்று காலை நானும் மகளும் மாடி ஏறினோம். இந்த முறை அவள் பிடித்துக் காட்டினாள். அந்த அம்மையார் பென்சிலால் கோடு போட்டார். அவள் உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தேன். மருந்து நீரில் கழுவிக் கழுவிக் காய்ந்து, சொரசொரவென்று, என் கையைவிட நீளமாக இருந்தது. வேர்வை ஒரு துளியும் இல்லை. எப்போது நின்றது அந்த வேர்வை? எந்தத் தேர்வில், எந்த அச்சத்தில், யார் பக்கத்தில் இருக்கும்போது நின்றது? எனக்குத் தெரியாது. அவள் தோலைத் தேர்ந்தெடுத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே புதிதாகச் சேர்ந்தவர்களே! நூலா, தோலா, ரப்பரா என்று என்னைக் கேட்காதீர்கள்! வாங்கித் தருகிற கை எதுவானாலும், பிடிக்கிற கையைக் கேளுங்கள்! அது நேற்று எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள், இன்று எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்! பெற்றோர்களே! நாம் சுற்றிய உறைக்குள் பிள்ளைகள் கையை மடக்கிக்கொண்டு, "கச்சிதமா இருக்கு" என்று சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்பை நம்பாதீர்கள்! முழங்கையைப் பாருங்கள்! முழங்கை பொய் சொல்லாது!

இதோ, கடைசி வரிசையில் கதவோரம் நிற்கிறாள். மாலை வண்டிக்குப் போக வேண்டும். தோளில் கோல். இந்த முறை வாசலில், "எதுக்கு?" என்று நான் கேட்கவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்களுக்கும், போதும் என்று கை தூக்காத தலைவருக்கும், மன்னித்துவிட்டதாக நான் நம்பும் தூணருகே அம்மையாருக்கும் என் நன்றி. போய்வா மகளே. எல்லோருக்கும் வணக்கம்!

(தாளில் எழுதியிருந்தும் வாசிக்காமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்ட கடைசி வரிகள்: படிப்பு கெடும் என்றா அன்று கோலை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்? இல்லையம்மா. அது வீட்டில் இருந்தால், அதை எடுக்கவாவது நீ திரும்பி வருவாய் என்று நினைத்தேன். இனி எதை எடுக்க வருவாய்?)